கோடு தோளிலிருந்து கிளம்பட்டும்

வாசகர் கேள்விகள், ஓவியரின் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "வரைவதற்கு முன் எழுந்து நின்று தோளை நன்றாகச் சுழற்றுங்கள், முடித்ததும் உடம்பு என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்" என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மிகவும் மகிழ்ச்சி. இந்த முறை பக்கங்கள் முழுவதும் அந்தக் கடிதங்களுக்குத்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அளவு, விகிதம், நிழல் எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் "கோட்டில் உயிர் இல்லை" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தருகிறார்கள். உயிர் என்றால் என்ன என்று கேட்டால் யாரும் விளக்குவதில்லை. உடம்பை அசைத்தால் அது வந்துவிடுமா? (ஒரு மாணவி)

பதில்: "உயிர் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எதைத் திருத்துவது என்று அதிலிருந்து எந்த மாணவருக்கும் தெரியாது. அதனால் நான் அந்த வார்த்தையை விட்டுவிட்டு மூட்டுகளைப் பற்றிப் பேசுகிறேன்.

கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை அசைக்காமல் விரல்களால் மட்டும் ஒரு வளைவு போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விரற்கடைக்கு மேல் போகாது. மணிக்கட்டு திரும்பினால் உள்ளங்கை நீளம் வரும். முழங்கை திரும்பினால் முன்னங்கை நீளம். தோள் திரும்பினால் முழுக் கையின் வீச்சும் கிடைக்கும். இடுப்பும் காலும் சேர்ந்துவிட்டால் தாளின் விளிம்புதான் எல்லை. இப்போது, மணிக்கட்டால் மட்டும் வரைந்து பழகியவர் நிற்கும் உருவம் ஒன்றின் முதுகை வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியிலேயே மணிக்கட்டு முட்டி நின்றுவிடும். கையைத் தூக்கி நகர்த்தி, விட்ட இடத்தில் மறுபடி ஒட்டவைப்பார். அந்த மனிதரின் முதுகு ஒரே வீச்சில் வளைந்திருக்கிறது; தாளில் அது நாலு துண்டாக இருக்கிறது. விகிதம் சரி, அளவு சரி. பார்க்கிறவர் கண் மட்டும் ஒட்டுப்போட்ட இடத்தில் இடறுகிறது. உங்கள் தாளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் ஆசிரியர்கள் சொல்வது இந்த இடறலைத்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

எனவே உட்கார்ந்து வரைவதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். சுவரில் பெரிய தாளை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். தாளின் நடுப்பகுதி மார்பு உயரத்தில் இருக்கட்டும். கையை நீட்டினால் சார்கோல் (வரைகிற கரிக்குச்சி) நுனி தாளைத் தொடும் தூரத்தில், கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். சார்கோலைப் பேனா மாதிரிப் பிடிக்காதீர்கள். குச்சியைப் படுக்கவைத்து, உள்ளங்கை தாளைப் பார்க்க, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடியுங்கள். இந்தப் பிடியில் விரலுக்கு வேலையே கிடையாது. வேலை தானாகத் தோளுக்குப் போய்விடும். முதல் சில தாள்கள் அலங்கோலமாகத்தான் வரும், வரட்டும்.

மாடல் நின்றால், தாளில் கை வைக்கும் முன் அவர் நிற்கிற மாதிரியே நீங்களும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எடை எந்தக் காலில் இறங்குகிறது, எந்தப் பக்க இடுப்பு ஏறியிருக்கிறது, அதைச் சமாளிக்கக் கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் உங்கள் உடம்பிலேயே தெரிந்துவிடும். கண்ணை மூடியிருந்தாலும் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்விகள் அனுப்பும் தகவல் அது. கண் தருகிற தகவலுக்கு மேல் வரைகிறவருக்கு இது இன்னொரு தகவல். இதற்கென்று வகுப்பு வைக்கிற கல்லூரிகள் குறைவாக இருப்பது எனக்குத் தீராத வருத்தம். ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் ஆரம்ப வகுப்பை 1919 முதல் 1923 வரை நடத்திய யோஹன்னஸ் இட்டன், மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் செய்யவைத்துத்தான் வகுப்பைத் தொடங்குவார். உடம்பு இறுகிக் கிடந்தால் கோடும் இறுகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு படத்தைத் தேடிப் பாருங்கள். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933-இல் சார்கோலால் வரைந்த தன்னுருவம். வரைந்துகொண்டிருக்கும் தன்னையே பக்கவாட்டில் காட்டியிருக்கிறார். முகத்தில் நிழலும் ஒளியும் பொறுமையாக வந்திருக்கின்றன. சார்கோல் பிடித்த கையும் தெளிவாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், கைக்கு என்று ஒழுங்கான விளிம்பு கிடையாது. மேலும் கீழுமாக அழுத்தி இழுத்த கோணல்மாணலான ஒரு வீச்சு, அவ்வளவே. துணி மடிப்பு இல்லை, தசை இல்லை. கை எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு, கை என்ன செய்தது என்பதை மட்டும் வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு 60 வயது கடந்துவிட்டது. உடற்கூறு தெரியாமல் அப்படி விட்டவர் இல்லை. அந்த வீச்சின் மேல் உங்கள் கையைக் காற்றில் ஓட்டிப் பாருங்கள். அது எவ்வளவு வேகமாகப் போடப்பட்டது என்று உங்கள் தோள் சொல்லும்.

அசைத்தால் வந்துவிடுமா என்று கேட்டீர்கள். அசைவு வெளியே போய், என்ன நடந்தது என்று நீங்கள் திரும்பிப் பார்த்து, அந்தப் பார்வையோடு அடுத்த தாளுக்குப் போனால் வரும். அந்தத் திரும்பிப் பார்ப்பதைப் பற்றிக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், அதையும் படியுங்கள்.

கேள்வி: காலால் பெயின்ட் அடிப்பது, கயிற்றில் தொங்குவது, உடம்பில் சாயம் பூசிப் புரள்வது என்று ஏதேதோ செய்கிறார்கள். இது ஓவியமா, வித்தையா? வரையத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்றே நினைக்கிறேன். இளம்பிள்ளைகளை ஏன் இந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்)

பதில்: ஐயா, உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. கேமராவுக்காக மட்டும் நடக்கும் கூத்துகளை நானும் பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் தாளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் குறுக்குவழி என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. நீங்கள் குறிப்பிடும் காலால் வரைந்தவர் ஷிராகா கசுவோ. கியோட்டோவில் ஜப்பானிய மரபு ஓவியத்தை முறையாகப் படித்தவர். 1954-இல் யோஷிஹாரா ஜிரோ தொடங்கிய குடாய் என்ற ஜப்பானியக் கலைஞர் குழுவோடு சேர்ந்து, மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் விரித்த கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தைப் பாதத்தால் இழுத்தார். கை பல வருடம் பழகிவிட்டது. நாம் கேட்காமலேயே அழகான வளைவைப் போட்டுக் கொடுத்துவிடும். பாதத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் படங்களைக் கிட்டத்தில் பாருங்கள். வண்ணம் வரப்பு மாதிரி ஒதுங்கி நிற்கும் இடம் பாதம் வழுக்கி நின்ற இடம். வண்ணம் மெலிந்து கேன்வாஸ் தெரிகிற இடம், கயிற்றில் எடையை ஏற்றிக்கொண்டு காலை லேசாக்கிய இடம். ஒரு மனிதரின் எடை எங்கெங்கே போனது என்பதை அந்தப் பரப்பிலிருந்து படித்துவிட முடிகிறது. அது எனக்கு ஓவியம்தான்.

பழமையும் இதற்கு இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டுச் சீனத்தில், சாங் ஷூ என்ற எழுத்தோவியர் கோங்சுன் என்ற பெண்மணியின் வாள் நடனத்தைப் பார்த்த பிறகு அவருடைய ஓட்ட எழுத்து பெரிதும் மேம்பட்டது என்று கவிஞர் தூ ஃபூ எழுதி வைத்திருக்கிறார். தூரிகைக்காரர் ஆட்டக்காரரிடம் கற்றுக்கொள்வது நம் காலத்து விசித்திரம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் நான் வைக்கவும் இல்லை. 1960 மார்ச்சில் பாரிஸில் ஈவ் க்ளைன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் நடத்திய நிகழ்ச்சியில், அவர் விருந்து உடையில் நின்று வழிநடத்த, பெண் மாடல்கள் உடம்பில் நீல வண்ணம் பூசிக்கொண்டு தாளில் பதிந்தார்கள். இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. அந்த நீலம் அற்புதமானது. ஆனாலும் அசைந்த உடம்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது; அதை என்னால் கடந்துபோக முடிவதில்லை. அமெரிக்கக் கலைஞர் கரோலி ஷ்னீமன் 1973 முதல் 1976 வரை செய்த வேலை இதற்கு நேர் எதிர். மரம் ஏறிக் கிளை வெட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் பட்டையில் தன்னையே தொங்கவிட்டுக்கொண்டு, ஊசலாடியபடி, கை எட்டிய பரப்பில் எல்லாம் கிரேயானால் கோடு போட்டார். கோடு நிற்கிற இடம் அவர் உடம்பு எட்டிய இடம். தன் உடம்பின் கணக்கைத் தானே எழுதினார். பிள்ளைகளை நான் திருப்ப விரும்புவது இந்தப் பக்கம்.

கேள்வி: வரைந்த பிறகு எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் பக்கம் பக்கமாக என்னை நானே திட்டிக்கொள்வதாகத்தான் முடிகிறது. எழுதிய நாட்களில் அடுத்த தாளைத் தொடவே மனம் வருவதில்லை. (தனியாகப் பயிலும் வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். நீங்கள் எழுதுவது தீர்ப்பு. நான் கேட்டது சாட்சி. சாட்சி சொல்கிறவர் நடந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும்.

ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 1973-இல் ஒரு வரிசையைத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொள்வார். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்பே தீர்மானித்த ஒரு வேலையைத் தாளில் செய்வார்: இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஒரே அழுத்தத்தில் தேய்ப்பது மாதிரி ஏதாவது. எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதுக்குள்ளேயே கணித்துக்கொள்வார். முடிந்ததும் தாளின் அடியில், என்ன செய்ய நினைத்தேன், நேரக் கணிப்பு எத்தனை விநாடி பிசகியது என்று எழுதிவிடுவார். அந்த எழுத்து படத்தின் பகுதியாகவே சட்டத்துக்குள் இருக்கிறது. "கேவலமாக வந்துவிட்டது" என்று அங்கே எழுதுவதில்லை. நினைத்தது ஒன்று, கை செய்தது ஒன்று, நடுவே இத்தனை இடைவெளி. அந்த இடைவெளியை அவர் வெட்கப்பட வேண்டியதாகப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தகுந்த விஷயமாக அதைத்தான் மாட்டிவைத்தார்.

நீங்களும் அப்படி எழுதுங்கள். தனி நோட்டு வேண்டாம்; நோட்டு என்றால் மனம் கட்டுரை எழுதத் தொடங்கிவிடும். வரைந்த தாளின் பின்பக்கத்திலேயே, கையில் கரி ஒட்டியிருக்கும்போதே எழுதுங்கள். நல்லது, மோசம், அழகு, அசிங்கம், முன்னேற்றம் என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. கால், மூச்சு, தாடை, பிடி, வேகம், எங்கே நின்றேன், எங்கே தயங்கினேன், எதை நினைத்தேன் என்பவற்றுக்கு மட்டும் இடம். நாலைந்து வரிக்கு மேல் போகாதீர்கள்.

என் வகுப்பில் ஒரு பெண்மணி எழுதியதை அவர் அனுமதியோடு தருகிறேன்: "வலது காலில் நின்றேன். தோளிலிருந்து கால்வரை ஒரே இழுப்பு. முகத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சார்கோல் இரண்டாக ஒடிந்தது. ஒடிந்த துண்டால் மூக்கைச் சின்னதாகப் போட்டேன். அப்புறம்தான் மூச்சு விட்டேன்." எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். ஆனால் அவருடைய பழைய தாள்களின் பின்பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பியபோது, ஒன்றில் மூச்சு, ஒன்றில் தாடை, ஒன்றில் பிடி என்று எல்லாம் முகத்துக்கு வரும் இடத்தில்தான் இறுகியிருந்தது தெரிந்தது. தாள்களைத் திருப்பினோம். உடம்பெல்லாம் விரிந்து கிடக்க, முகங்கள் மட்டும் சுருங்கி, விறைத்து, வேறு யாரோ வரைந்த மாதிரி இருந்தன. "முகம் எனக்கு வராது" என்று அவர் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார். முகத்தை நெருங்கும்போது மூச்சை நிறுத்துகிறார் என்பதுதான் விஷயம். அடுத்த தாளில் மூச்சை வாய்வழியாகச் சத்தமாக விட்டுக்கொண்டே முகத்தைப் போடச் சொன்னேன். முகம் முன்பைவிடப் பெரிதாகவும் கோணலாகவும் வந்தது. அந்த உடம்புக்குச் சொந்தமான முகமாகவும் வந்தது. ஏன் மூச்சைப் பிடிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். அதை அவர் வேறொரு நாள் வேறொரு தாளில் வரைந்தார், நான் கேட்கவில்லை.

மனதைப் பற்றி எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம், உடம்பைப் பற்றி எழுதிய பிறகு. "கோபமாக இருந்தேன்" என்பதைவிட "தாடையை இறுக்கிக்கொண்டு, குச்சியை அழுத்தினேன், தாள் கிழிந்தது" என்பது நாளை உங்களுக்கு அதிகம் பயன்படும். கோல்விட்ஸ் 1908 முதல் 1943 வரை நாட்குறிப்பு எழுதியவர். வேலையே ஓடாத நாட்களும் அதில் பதிவாகியிருக்கின்றன. அவற்றையும் சுமந்துகொண்டுதான் அவர் அடுத்த தாளுக்குப் போனார்.

பழைய குறிப்புகளை அன்றே படிக்காதீர்கள். சில வாரம் கழித்து, ஒன்றாகப் பரப்பிப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு சின்ன மேசையும் நாற்காலியும்தான். எழுந்து நின்று கையை வீச இடமே இல்லை. வேலைக்குப் போய்வரும் நேரம் போக மிஞ்சுவது கொஞ்ச நேரம். எனக்கு இதெல்லாம் சாத்தியமா? (அலுவலகம் செல்லும் வாசகி)

பதில்: சாத்தியம். அசைவு என்றதும் பெரிய அசைவு என்று எடுத்துக்கொள்கிறோம். நியூயார்க் சுரங்க ரயிலில் வில்லியம் அனஸ்டாசி என்ற கலைஞர் மடியில் ஒரு பலகையும் தாளும் வைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் பென்சிலைப் பிடித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வண்டியின் ஆட்டமும் பிரேக்கும் வளைவும் அவர் உடம்பு வழியாகத் தாளில் இறங்கின. இரண்டு கை, இரண்டு கோட்டுக் கூட்டங்கள். அவர் செய்ததெல்லாம் தடுக்காமல் இருந்தது மட்டும்.

நீங்களும் போய்வரும் நேரத்தில் ஒரு சின்ன ஸ்கெட்ச்புக்கை மடியில் வைத்துச் செய்யலாம். நாற்காலியில் என்றால், இரண்டு பாதமும் தரையில் பட, மூச்சு உள்ளே போகும்போது கோடு மேலே, வெளியே வரும்போது கீழே என்று ஒரு பக்கம் நிரப்புங்கள். பழக்கமில்லாத கையால் ஒரு பக்கம். தபால் அட்டை அளவுத் தாளில்கூட அழுத்தம் மாறும், வேகம் மாறும். கோட்டின் தடிமனை மட்டும் பார்த்து, எந்த மூச்சு ஆழமாகப் போனது என்று உங்களால் சொல்ல முடிந்தால் போதும், வேலை நடந்திருக்கிறது.

கேள்வி: வரையும்போது பாட்டு கேட்கலாமா? (பலர்)

பதில்: ஆரம்பத்தில் வேண்டாம். பாட்டு ஓடினால் உடம்பு அதன் தாளத்துக்குப் போய்விடும். உங்கள் தாளம் என்ன என்று தெரியாமலே போகும். தெரிந்த பிறகு தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: நான் நடனம் பயின்றவள். ஓவியமும் வரைகிறேன். ஆனால் என் படங்களில் ஆடுகிற உருவங்கள்தான் வருகின்றன, ஆட்டம் வருவதில்லை. (நடனக் கலைஞர்)

பதில்: நீங்களே பதிலைப் பாதி சொல்லிவிட்டீர்கள். ஆட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பது ஒன்று. 1926-இல் ஓவியர் கண்டின்ஸ்கி, க்ரெட் பலுக்கா என்ற நடனக் கலைஞரின் புகைப்படங்களை வைத்து, ஒவ்வொரு நிலையையும் சில வளைவுகளாகவும் நேர்கோடுகளாகவும் சுருக்கினார். மிகக் கூர்மையான கண். ஆனால் அது பார்வையாளரின் படம். டிரிஷா பிரவுன் 2002-இல் செய்தது வேறு. அவர் நடன அமைப்பாளர். தரையில் பெரிய தாளை விரித்து, கரியையும் பாஸ்டலையும் கையிலும் கால்விரலிலும் பிடித்து, அதன் மேலேயே அசைந்தார். உருவம் எதுவும் இல்லை. ஒரு சுழற்சி எங்கே தொடங்கி எங்கே விழுந்தது என்பது இருந்தது.

உங்களுக்கு நான் சொல்வது: கண்ணாடியை மூடிவிடுங்கள். ஆடுகிறவர்களுக்குத் தாங்கள் எப்படித் தெரிகிறோம் என்ற கவனம் சிறு வயதிலிருந்தே ஊறியிருக்கும். அந்தக் கவனம்தான் தாளிலும் உருவமாக வந்து உட்காருகிறது. தரையில் தாள் விரித்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அடவையோ ஒரு நகர்வையோ மிக மெதுவாகச் செய்யுங்கள். காலில் எடை மாறும் இடத்தில் மட்டும் ஒரு தடம் வையுங்கள், வேறு எங்கும் வேண்டாம். பிறகு அதே நகர்வு, அதே தாள், இரண்டு மடங்கு வேகம், வேறு நிறம். முதல் தடங்களும் இரண்டாவது தடங்களும் பொருந்தாது. பொருந்தாத இடத்தில்தான் உங்கள் அடுத்த ஓவியம் இருக்கிறது. பயிற்சி பெற்ற உடம்பு உங்களிடம் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் அதற்காகக் காத்துக்கிடக்கிறோம்.

கேள்வி: நோய்க்குப் பிறகு என் வலது பக்கம் பலவீனமாகிவிட்டது. சக்கர நாற்காலியில் இருக்கிறேன். "உடம்பால் வரையுங்கள்" என்று படிக்கும்போது எனக்குக் கதவு சாத்தப்பட்ட மாதிரி இருக்கிறது. (பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: அந்தக் கதவை நான் சாத்தியிருந்தால் இப்போதே திறக்கிறேன். உடம்பால் வரைவது என்றால் இருக்கிற உடம்பால் வரைவது. வேறு எந்த உடம்பும் அதற்குத் தேவையில்லை.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். அதன் பிறகு பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் சார்கோலைக் கட்டிக்கொண்டு சுவரில் வரைந்தார். கழி நீளமாக நீளமாக நுனி நடுங்கும், விரலின் சாமர்த்தியம் செல்லாது. கோடு தோளிலிருந்தும் முதுகிலிருந்தும்தான் வர முடியும். வண்ணம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி அவர் செய்த படங்களும் இந்தக் காலத்தவை. வெட்டுவதும் ஓர் அசைவுதான்.

ஜெர்மன் கலைஞர் ரெபெக்கா ஹோர்ன் இளம் வயதில் ஃபைபர்கிளாஸோடு வேலை செய்து நுரையீரல் பாதிக்கப்பட்டு நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தார். பிறகு உடம்பில் அணிந்துகொள்ளும் கருவிகளைச் செய்தார். 1972-இல் செய்த ஒரு முகக்கவசத்தில் வரிசையாகப் பென்சில்கள். அதை அணிந்துகொண்டு சுவர் அருகே தலையை இப்படியும் அப்படியும் அசைப்பார். சுவரில் கோடுகள் விழும். தலை அசைகிறதா, போதும்.

முதலில் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் எந்த அசைவு நல்லது, எது கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தாளை நாற்காலியின் கைப்பிடி உயரத்தில் சாய்த்து வையுங்கள். குச்சியைப் பிடிப்பது கஷ்டமென்றால் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள், அல்லது கையோடு பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். இடது கையால் ஒரு கோடு, அதன் பக்கத்தில் வலது கையால் அதே கோடு. பலவீனமான கையின் கோட்டை அழிக்காதீர்கள். அது நடுங்கும், நிற்கும், மறுபடி போகும். எங்கே நின்றது, எதனால் மறுபடி கிளம்பியது என்று பின்பக்கம் எழுதுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு தாள் அனுப்புங்கள். உண்மையாகவே பார்க்க ஆசைப்படுகிறேன்.

கேள்வி: நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து வாரம் ஒருமுறை அசைந்து வரைகிறோம். போன முறை ஒருவர் திடீரென்று அழுதுவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் விழித்தோம். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். சில ஏற்பாடுகள் வேண்டும்.

அமெரிக்க நடனக் கலைஞர் ஆனா ஹால்ப்ரினுக்கு 1972-இல் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் அவர் தன்னையே ஆளுயரத்தில் வரைந்தார். முதலில் வந்தது இளமையாக, ஆரோக்கியமாக இருக்கிற உருவம். அது உண்மையில்லை என்று தோன்றியதும் தாளைத் திருப்பிப்போட்டு, கறுப்பாக, கோணல் கோணலாக, கோபமாக இன்னொன்றை வரைந்தார். பிறகு அந்தக் கறுப்பு உருவத்தை ஆடினார். சுற்றிலும் குடும்பத்தாரும் நண்பர்களும் சாட்சியாக இருந்தார்கள். சிகிச்சையை மருத்துவர்கள் செய்தார்கள், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்தச் சாட்சிகளை.

மேரி வைட்ஹவுஸ் என்ற அமெரிக்க நடன ஆசிரியர் 1950-களில் வளர்த்தெடுத்த முறையில், ஒருவர் கண்ணை மூடி அசைவார், இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். பார்க்கிறவர் விளக்கம் சொல்லக் கூடாது, ஆறுதலும் அறிவுரையும் கூடாது. கேட்டால் மட்டும், தான் கண்டதைச் சொல்லலாம்: "உன் கை மார்புவரை வந்து நின்றது" என்கிற அளவில். யாராவது அழுதால் அருகில் உட்காருங்கள். அவர் கண்ணைத் திறக்கட்டும், பாதத்தைத் தரையில் ஊன்றட்டும், அறையில் இருக்கும் பொருட்களைப் பார்க்கட்டும். தொடுவதற்கு முன் கேளுங்கள். படத்தைக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; அன்றைய தாளை அவர் சுருட்டிக்கொண்டு போகலாம், கிழிக்கவும் செய்யலாம். மறுநாள் ஒருவர் பேசி விசாரியுங்கள். அதே அழுகை வாரா வாரம் வருகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் மனநல ஆலோசகரிடம் போகச் சொல்வது நண்பர்களின் கடமை. ஓவியக் குழு அந்த வேலையைச் செய்ய முடியாது, முயலவும் கூடாது.

புகைப்படம் எடுப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். இதில் நான் கறாராக இருக்கிறேன்.

கேள்வி: இப்படி வரைந்தால் தாள்கள் மலையாகக் குவிகின்றன. எதை வைப்பது, எதைப் போடுவது?

பதில்: அன்றே முடிவு செய்யாதீர்கள். தேதி போட்டு, கரி உதிராமல் இருக்க மேலே ஃபிக்ஸேட்டிவை லேசாக அடித்து (காற்றோட்டமான இடத்தில், அறைக்குள் வேண்டாம்), நடுவே மெல்லிய தாள் வைத்து அடுக்குங்கள். ஒரு பருவம் போகட்டும். பிறகு முதலில் பின்பக்கங்களைப் படியுங்கள், அப்புறம் திருப்பிப் பாருங்கள். எழுத்தில் நடந்த விஷயம் முன்பக்கத்திலும் தெரிகிறதா? தெரிகிற தாளை வையுங்கள், அது அழகாக இல்லாவிட்டாலும். முன்பக்கம் மிக அழகாக இருந்து, பின்பக்கம் "சீக்கிரம் முடித்துவிட்டேன், எதுவும் ஞாபகமில்லை" என்று இருந்தால், அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி அதன் மேலேயே மறுபடி வரையுங்கள். தாளும் மிச்சம்.